பீரோ இளைக்கவில்லை

ஆளைப் பார்த்து யாரும் கிரேன் என்று சொல்லிவிட மாட்டார்கள். நடுத்தர உயரம், கொஞ்சம் முன்னால் வந்துவிட்ட தொப்பை, பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல். ஆனால் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவருக்கு அந்தப் பெயர்தான். இரும்பு பீரோவோ வாஷிங் மெஷினோ, எதுவானாலும் மாடிப்படியில் கீழ்ப்பக்கத்தை அவர்தான் பிடிப்பார். படியில் சாமான் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே நிற்கிறவர் இழுப்பவர், வழி சொல்கிறவர். பாரமெல்லாம் கீழே நிற்கிறவர் தலையில்தான் விடியும். அதனால் அந்தத் தொழிலில் கீழ் ஆள் என்றால் தனி மரியாதை. ஊரெல்லாம் மேலே போகத் துடிக்கும்போது, இவர்கள் கீழே நிற்பதற்குப் போட்டி போடுவார்கள். விசித்திரமான ஜனங்கள்.

மேல்பக்கம் பிடிப்பவர் ஒல்லி. பேருக்கேற்ற ஆள். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒல்லிக்கு வாய் ஓயாது, கிரேனுக்கு வாய் திறக்காது, அதனால் சண்டையே வந்ததில்லை. படி திரும்புகிற இடத்தில் எல்லாம் சாமானை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். எவ்வளவு பலசாலியானாலும் சரி, திருப்பம் வந்தால் இறக்கி வைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பியவர்கள் எல்லாம் இன்று முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறார்கள். கிரேன் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. வேலையில் மீறியதில்லை என்று சொல்ல வேண்டும். வீட்டுப் படியில் தினமும் மீறினார்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒரே மகள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் வலு இல்லை. அவளுடைய சக்கர நாற்காலி கீழே படிக்கட்டுக்கு அடியில் சங்கிலியோடு நிற்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறக்குவதும் பிற்பகலில் ஏற்றுவதும் அப்பாவின் பொறுப்பு. அந்த நேரத்துக்கு வேலையிலிருந்து கொஞ்சம் விட்டுவிடுவார்கள். கீழ்த்தள வீடு தேடாமல் இல்லை. கிடைத்தவை எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கோ தள்ளி இருந்தன, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தவை எல்லாம் மாடியாக இருந்தன. பள்ளிக்கூடமா, படியா என்று வந்தபோது கிரேன் யோசிக்கவே இல்லை. படி நம்ம தொழில்தானே என்று சொல்லிவிட்டார்.

அவளை இரண்டு கையிலும் ஏந்தி, தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் மேலே போய்விடுவார். வாசலில் இறக்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து கேட்கிற கேள்வி. "கனமா இருந்தேனாப்பா?" அவரும் ஒரே பதில்தான் சொல்வார். "பஞ்சு."

அந்தப் பஞ்சுக்கு இப்போது பதின்மூன்று வயது. வீட்டில் இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம். பள்ளிக்கூட வாசலில் அந்த வார்த்தை வாயில் வரக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறிக்கொண்டுதான் இருந்தன. பெண் வளர்கிறாள் என்று மற்ற அப்பாக்கள் பெருமைப்படுகிற வயது. கிரேனும் பெருமைப்பட்டார். கூடவே, யாரிடமும் சொல்லாமல், பயப்படவும் தொடங்கினார்.

அந்தப் பயத்தை வளர்த்துவிட்டது ஒரு பீரோ. வீடுமாறி அம்மா என்று கம்பெனியில் ஒரு வாடிக்கையாளரைச் சொல்வார்கள். தனியாக இருப்பவர், நல்ல மனுஷி, ஆனால் எந்த வீடும் அவருக்கு ஒத்துவராது. ஒரு வீட்டில் குழாய் சொட்டுகிறது, இன்னொன்றில் வெயில் அதிகம், மற்றொன்றில் மாடிக்காரர் செருப்போடு நடக்கிறார். அவரிடம் ஓர் இரும்பு பீரோ இருந்தது. எப்போதோ யாரோ கோபத்தில் செய்த பீரோவாக இருக்க வேண்டும், அவ்வளவு கனம். கிரேன் அதை எத்தனையோ முறை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆனால் கடைசித் தடவை படி பாதி ஏறியபோது அவர் கைகள் நடுங்கின. பீரோ ஒரு சாண் கீழே சரிந்தது. ஒல்லி மேலேயிருந்து காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டதால் சுவரில் ஒரு கீறலோடு போயிற்று.

ஒல்லி ஏதாவது கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை. அடுத்த வீட்டில் சாமான் ஏற்றும்போது, தானே போய்க் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டார். வேலையைப் பற்றிக் கிரேனுக்குக் கவலை இல்லை. வண்டி ஓட்டலாம், கண்ணாடிச் சாமான் கட்டலாம், பிழைப்பு நடக்கும். வீட்டுப் படிக்கு யார் மேல் ஆள்? பாதியில் கை நடுங்கினால் அங்கே யார் காலை ஊன்றுவார்கள்?

யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே உடம்பு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கை இளைத்துக்கொண்டே வந்தது, தொப்பை பெருத்துக்கொண்டே வந்தது. உட்கார்ந்தால் தூக்கம், எழுந்தால் எரிச்சல். என்றாவது பக்கத்தில் கிடைக்கப்போகும் கீழ்த்தள வீட்டுக்கு முன்பணம் சேர்க்கிறேன் என்று விடிவதற்கு முன்பே மார்க்கெட்டில் மூட்டை இறக்கவும் போய்க்கொண்டிருந்தார். தூக்கத்தைத் திருடி வீடு பிடிக்கப் பார்த்தவர் அவர். மருந்துக் கடையில் மாலை நேர வேலை பார்க்கும் அவர் மனைவி, சத்து மாத்திரையில் ஆரம்பித்து எது எதற்கோ பெட்டி கொண்டுவந்து நீட்டினாள். எதற்கும் உடம்பு தேறவில்லை.

தெருமுனை ஜிம்மில் விசாரித்தார். அங்கே மாஸ்டர், தோள் அகலத்துக்குக் கதவில் பக்கவாட்டாக நுழைகிற ஆள், இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆண் ஹார்மோன் குறைந்துபோச்சு, அதுதான் சதை கரைகிறது என்றார். ஓர் ஊசி இருக்கிறதாம், போட்டுக்கொண்டால் பழைய கிரேன் திரும்பி வந்துவிடுவாராம். கிரேனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று சொன்னால், ஆம்பளை என்பதிலேயே ஏதோ குறைந்துவிட்டதாகத்தான் அவருக்குக் கேட்டது. ஊசியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். யோசித்தார். மகளை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் யோசித்தார்.

கடைசியில் மனைவியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரிப்பாளோ என்று பயந்தார். அவள் சிரிக்கவில்லை. ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்தவள் டாக்டர் வாசலில்தான் விட்டாள். டாக்டரம்மா ரத்தம் கொடுக்கச் சொன்னார். கிரேன் வேலை முடிந்து சாயங்காலம் போய் நின்றார். பரிசோதனைக்காரர், இதற்கு விடிகாலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், அப்போதுதான் அந்த ஹார்மோன் சுரப்பு நிறைய இருக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலமானால் அதற்கும் களைப்பு வந்துவிடும் போலிருக்கிறது என்று கிரேன் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அதன் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

முடிவைப் பார்த்த டாக்டரம்மா, டெஸ்டோஸ்டிரோன் என்று அதன் முழுப் பெயரையும் சொல்லி, கொஞ்சம் குறைவுதான், பயப்படும்படி இல்லை என்றார். வயது ஏற ஏறச் சற்றுக் குறைவது எல்லோருக்கும் நடப்பது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவருக்கு வயதை விட இவரே பெரிய எதிரி. அந்தச் சுரப்பு தூக்கத்தில்தான் நன்றாக ஊறும், இவரோ தூங்குவதே இல்லை. தொப்பை கூடினால் அது குறையும், கவலை கூடினாலும் குறையும். தேவையில்லாமல் வெளியிலிருந்து ஊசியில் ஏற்றிக்கொண்டால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு. மார்க்கெட் மூட்டையை விடுங்கள், சீக்கிரம் படுங்கள், முட்டை, மீன், பருப்பு, கீரை, கொட்டை வகை என்று நன்றாகச் சாப்பிடுங்கள், கனம் தூக்கிய மறுநாள் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். கடைசியாகக் கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். கவலையைக் குறை என்று சொல்வதற்கு ஒரு டாக்டர், அதைக் கேட்பதற்கு ஒரு வரிசை. கிரேன் தலையாட்டிவிட்டு வந்தார்.

மகளுக்கு விஷயம் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இரண்டு அறை வீட்டில் குசுகுசுவென்று பேசினால் யாருக்குக் கேட்கும்? மறுநாளே அவள் அப்பாவின் உடம்புக்கு மேனேஜராகப் பதவி ஏற்றுக்கொண்டாள். எட்டு மணி ஆகிவிட்டால், "போய்ப் படுப்பா, ஹார்மோன் காத்துக்கிட்டிருக்கு" என்பாள். இந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும் ஒல்லியிடமிருந்து வந்திருக்கிறது என்று கிரேன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுப்பார். மனைவி கடையிலிருந்து வருவதற்குள் அவர் தூங்கிவிடுவார். மகள் தன் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, பிறகு சாப்பிடுகிறேன் என்று தட்டை மூடி வைத்துக்கொள்வாள்.

சாப்பாட்டில் அவள் இன்னும் கண்டிப்பு. தன் முட்டையை எடுத்து அப்பா தட்டில் வைத்துவிடுவாள். மீனில் நல்ல துண்டு அவருக்குத்தான். வேண்டாம் பாப்பா, நீ சாப்பிடு என்பார் அவர். டாக்டர் உனக்குத்தானே சொன்னாங்க, எனக்குச் சொல்லலையே என்பாள் அவள். அக்கறையாக நீட்டுகிறவளிடம் எப்படி மறுப்பது? கிரேன் சாப்பிட்டார். ருசித்தே சாப்பிட்டார்.

ஒரு மாதம் போனது, இன்னொரு மாதமும் போனது. மார்க்கெட்டுக்குப் போவதை விட்டதில் தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது, மனைவி மேல் எரிந்து விழுவது நின்றது. ஒரு பிற்பகலில் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது, கடைசித் திருப்பத்தில் வழக்கமாக வருகிற நெஞ்சுக் குத்தல் வரவில்லை. முதலில் நம்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் கிட்டத்தட்ட ஓடியே ஏறினார். வாசலில் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, அந்த வருஷத்தில் முதல் முறையாக அவர் பொய் கலக்காமல் பதில் சொன்னார். பஞ்சுதான், நிஜமாகவே பஞ்சு. அவள் முகம் அப்படி மலர்ந்ததை அவர் பார்த்தார். அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜிம் வாசல் வழியாகவே போய், ஊசி வேண்டாம், நமக்கு முட்டையே போதும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். மனைவியிடம் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். அவளும் தொட்டுப் பார்த்து, ஆமாங்க, கல்லு மாதிரி இருக்கு என்றாள். கல் எங்கே இருக்கிறது என்று அவள் தேடியது அவளுக்கு மட்டும் தெரியும். இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் புஜம் காட்டுகிறானே என்ற சந்தோஷத்தில் சொன்னதுதான்.

வீடுமாறி அம்மாவுக்கு அந்த வீடும் ஒத்துவரவில்லை. எதிர்வீட்டு நாய் அவரையே பார்க்கிறதாம். மறுபடியும் கம்பெனிக்குப் போன் வந்தது. கிரேன் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார். புது வீட்டு வாசலில் பீரோவை இறக்கியதும் ஒல்லி தானாகக் கீழ்ப்பக்கம் போனார். கிரேன் அவர் தோளைத் தொட்டு, "மாப்ள, நீ மேல போ" என்றார். ஒல்லி அவர் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், மேலே போனார்.

தூக்கினார்கள். முதல் படி, இரண்டாவது படி. கிரேனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பீரோ அதே கனம் கனத்தது. போன தடவை எப்படி அழுத்தியதோ, அதே இடத்தில், அதே மாதிரி அழுத்தியது. தூங்கிய தூக்கத்துக்குக் கை நடுங்கவில்லை, அது உண்மை. ஆனால் மகளோடு ஓடி ஏறுகிற அந்த லேசு, அது எங்கே? திருப்பத்தில் இறக்கி வைத்தார்கள். உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கீழே பார்த்துக் கேட்டார். அந்த அம்மா கோபமாக வந்து கதவைத் திறந்தே காட்டினார். தட்டுகள்கூட வெளியே எடுக்கப்பட்டு, பீரோ துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது.

பீரோ இளைக்கவில்லை. பீரோ எதற்கு இளைக்கப்போகிறது? கிரேன் அந்தக் காலி பீரோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனக்கு வந்தது இவ்வளவு தெம்புதான் என்றால், வீட்டுப் படியில் அவ்வளவு லேசு எப்படி வந்தது? ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஏந்தும்போது அவள் முழங்கை எலும்பு கழுத்தில் குத்துவது. உயரமாகிறாள், அதுதான் என்று நினைத்திருந்தார். புதிதாகத் தைத்த பள்ளிச் சீருடை இடுப்பில் பின்னூசி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. தையல்காரர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று திட்டியிருந்தார். மூடி வைத்த தட்டு. தன் தட்டுக்கு வந்து சேர்ந்த முட்டை.

"என்ன மச்சான், நெஞ்சு வலிக்குதா?" என்று ஒல்லி மேலேயிருந்து பதறிப்போய்க் கேட்டார்.

"அவ முட்டையைத் தின்னுட்டேன்டா" என்றார் கிரேன். ஒல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழுகிற ஆளிடம் விளக்கம் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். பீரோவை ஏற்றி முடிக்க வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு, இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை கிரேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் அன்றைய கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள், அவர் உம் கொட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டுக்கு அடியில் நாற்காலியைப் பூட்டிவிட்டு அவளைத் தூக்கினார். தூக்கிய கைக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. ஊரார் வீட்டுச் சாமானை எல்லாம் கை வைத்ததும் எடை சொல்கிறவர், சொந்தப் பெண்ணின் எடையைத் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதல் திருப்பம் வந்தது. நின்றார். அவளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பிறந்ததிலிருந்து அந்தப் படியில் அவர் நடுவழியில் உட்கார்ந்தது இல்லை.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "என்னப்பா? முடியலையா? நான் இன்னும் கனமா இருக்கேனா?"

இன்னும் என்ற அந்தச் சொல் போதுமாக இருந்தது. கிரேன் அவள் மணிக்கட்டை விரலால் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். விரல் சுற்றி வந்து மிச்சமும் இருந்தது. எவ்வளவு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். சாப்பிடுறேனே என்று ஆரம்பித்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அம்மாவிடம் பள்ளிக்கூடத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றும், பள்ளிக்கூடத்தில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். மூடி வைத்த தட்டில் பாதியை மறுபடி மேஜையிலிருந்த பாத்திரத்திலேயே போட்டுவிடுவாளாம். கொஞ்சமாகத்தான் குறைத்தேன், தலை சுற்றினால் தண்ணீர் குடித்துக்கொள்வேன் என்று சமாதானம் வேறு சொன்னாள்.

"ஏன்டா அப்படிப் பண்ண?"

அவள் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நீ பஞ்சுன்னு சொல்லுவ. ஆனா என் காது உன் நெஞ்சுல தானப்பா இருக்கு. உள்ள அடிக்கிறது எனக்குக் கேக்காதா? அம்மாகிட்ட நீ பேசினதும் கேட்டுச்சு. உன் ஹார்மோனை நீ ஏத்து, என் எடையை நான் குறைக்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

கணக்கு என்னவோ சரியான கணக்குதான். அதைக் கேட்ட தகப்பன் மனம் என்ன பாடுபடும் என்று மட்டும் அதில் சேர்க்கவில்லை. கிரேன் சத்தம் வராமல் அழுதார், அவருக்கு எப்போதுமே சத்தம் வராது. அவள் அவர் கண்ணைத் தன் சீருடைத் துணியால் துடைத்தாள். யாரோ காய்கறிப் பையோடு ஏறி வந்தவர், இவர்களைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி மேலே போனார்.

கொஞ்சம் கழித்து அவர் பேசினார். வாழ்நாளிலேயே அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. எங்க வேலையில் திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைப்பதுதான் சட்டம் என்றார். மூச்சு வாங்கினால் பலம் இல்லை என்று அர்த்தம் கிடையாது, தூக்குகிறவனுக்கு எல்லாம் மூச்சு வாங்கத்தான் செய்யும். சாமானுக்கு இவ்வளவு பார்க்கிறவர், அவளை மட்டும் ஒரு நாளும் நடுவில் இறக்கியதில்லை. ஒல்லிகூட ஒரு தடவை சொன்னான், நாற்காலியில் உட்கார வைத்து நாம் இரண்டு பேரும் தூக்கிவிடலாமே என்று. என் பொண்ணு என்ன பீரோவா என்று இவர்தான் அவன் வாயை அடைத்திருக்கிறார்.

"உன்னை நடுவுல இறக்கி வச்சா, நீ சுமைன்னு நெனச்சுப்பியோன்னு இருந்துச்சு" என்றார்.

"நீ இறக்கி வைக்காம மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனதாலதான் நெனச்சேன்" என்றாள் அவள்.

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், அடுத்த திருப்பத்திலும் உட்கார்ந்தார், தேவையே இல்லாமல் உட்கார்ந்தார்.

செய்தி தெரிந்த மனைவி அன்று கடைக்குப் போகவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். நீங்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டு என்னை ஏமாற்றினீர்கள், இவள் சாப்பிடாமல் ஏமாற்றினாள், நடுவில் நான் ஒருத்தி புஜத்தைத் தொட்டுப் பார்த்துக் கல்லு என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றாள். திட்டு முடிந்ததும் மகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. மருந்துக் கடையில் ஊருக்கெல்லாம் சத்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை, தன் வீட்டுத் தட்டைத் திறந்து பார்க்காமல் போயிற்றே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் இந்த முறை மகளைக் கூட்டிப் போனார்கள். அவர் மகளுக்கும் அதையே சொன்னார், முட்டை, மீன், பருப்பு, கீரை. இப்ப எனக்கும் டாக்டர் சொல்லிட்டாங்க, முட்டையைத் திருப்பிக் கொடுப்பா என்றாள் மகள். கிரேன் அன்றிலிருந்து அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கையில் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். அதனால் படுக்கைக்கு அரை மணி தாமதமானது. ஹார்மோன் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றார்.

ஒல்லி யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டாவது மாடித் திருப்பத்தில் போட்டார். அந்த மாடிக்காரர்கள் முதலில் இது என்ன நடுவழியில் என்று முகம் சுளித்தார்கள், பிறகு அவர்களே அதில் உட்கார்ந்து செருப்பு மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேலை இல்லாத நாட்களில் ஒல்லியும் வருவார். அவளை வேறொரு மர நாற்காலியில் உட்கார வைத்து, பாரம் தூக்கும் பட்டியைத் தோளில் மாட்டி இரண்டு பேரும் தூக்குவார்கள். சுவத்துல இடிக்காம, மெதுவா, கீறல் விழுந்தா நீங்கதான் பொறுப்பு என்று, ஒல்லி நடித்துக் காட்டிய வீடுமாறி அம்மா குரலில் அவள் அதிகாரம் செய்வாள். படி முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

கிரேனுக்கு மறுபடி ரத்தம் பார்த்தபோது, விடிகாலையில் வெறும் வயிற்றோடுதான், சுரப்பு சற்று ஏறியிருந்தது. சற்றுதான். டாக்டரம்மா இது போதும் என்றார், அவரும் போதும் என்று எடுத்துக்கொண்டார். தொப்பை பாதி போயிற்று. வேலையில் அவரும் ஒல்லியும் மாறி மாறிக் கீழ் ஆளாக நிற்கிறார்கள். பழைய கிரேன் திரும்பி வரவில்லை. ஆனால் இந்தக் கிரேன் தூங்குகிறார், சாப்பிடுகிறார், வாரத்தில் இரண்டு நாள் கைக்கு ஓய்வு கொடுக்கிறார்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு பிற்பகலில் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒல்லிக்கு வேறு வேலை, இவர் தனியாகத்தான் ஏற வேண்டும். அவள் கன்னம் நிறைந்திருந்தது. முழங்கை இப்போது கழுத்தில் குத்துவதில்லை. முதல் திருப்பத்திலேயே கை கனத்தது, இரண்டாவது மாடிக்கு வரும்போது நெஞ்சு திமுதிமுவென்று அடித்தது. அவள் காது அந்த இடத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கனமா இருக்கேனாப்பா?" என்று கேட்டாள். வாசல் வரை காத்திருக்கவில்லை.

அவர் அவளை மெதுவாக அந்த நாற்காலியில் இறக்கி வைத்தார். பக்கத்துப் படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, நன்றாக, சத்தமாக மூச்சு வாங்கினார்.

"கனம்தான்டா" என்றார். "நல்ல கனம்."

அவள் சிரித்துக்கொண்டே புத்தகப் பையைத் திறந்து, மத்தியானம் மிச்சம் வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்தாள். பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டி, முழுசையும் அவளையே சாப்பிடச் சொன்னார். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.